பெரும்பான்மையால் கைதானவர்

ஆறு வருடம் உட்கார்ந்து எழுதிய நாவல் அச்சேறுமா ஏறாதா என்பது கடைசியில், எழுபதைத் தாண்டிய ஐந்து பேர் கையைத் தூக்குவார்களா மாட்டார்களா என்பதில் வந்து நின்றது. அந்த ஐவரில் ஒருவருக்கு வலது தோளில் தீராத வலி. இன்னொருவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து எதற்கும் சரி என்று சொன்னதே கிடையாது. மீதி மூன்று பேரை நம்பித்தான் மருமகள் அன்று காலை தலை வாரிக்கொண்டாள்.

அவளை மருமகள் என்றே சொல்லிவிடுவோம். தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்று பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்து மூன்று வருடமாக லென்ஸ் தேய்க்கிறாள். ஆனால் இந்தக் கதையில் அவள் மருமகளாகத்தான் மாட்டிக்கொண்டாள். அவளுடைய மாமனார்தான் 'தலைவர்'. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஊரிலேயே பெரிய சலவை ஆலையை அங்கே வேலை பார்த்தவர்களே கைப்பற்றி, முதலாளியை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, பத்தொன்பது நாள் தாங்களாகவே நடத்தினார்கள். அந்தக் கலகத்தின் தலைவர் என்று பதினோரு மாதம் கம்பி எண்ணியவர் அவர். அன்றைய செய்தித்தாளில் படம்கூட இருக்கிறது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே, நெஞ்சு புடைக்க, கண்கள் இடுங்கித் தீப்பொறி பறக்க, ஓர் இளைஞன்.

அந்தத் தீப்பொறியை வீட்டில் மருமகள் தேடாத இடமில்லை. மாமா துணி மடிப்பார். அவர் மடித்து வைத்த போர்வையின் ஓரத்தை வைத்துக் கோடு போடலாம். ரேடியோ கேட்பார். அத்தை எதையாவது சொன்னால் "ஓட்டுக்கு விட்ருவோமா?" என்பார். அது கேலி இல்லை, நிஜமாகவே விடுவார். அந்தக் குடும்பத்தில் ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றாலும் கை தூக்க வேண்டும். புதிதாக வந்த முதல் வாரம், என்ன சமைக்கட்டும் என்று கேட்டவள் முன்னால் சட்டென்று மூன்று கைகள் எழுந்தன. யாரோ அடிக்க வருகிறார்கள் என்று அவள் ஒரு அடி பின்னால் போய்விட்டாள்.

கலகத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் மாமா பிடிகொடுக்க மாட்டார். "அதான் பேப்பர்ல போட்டிருக்கேம்மா, படிச்சுக்க." அத்தையும் அதே ஆலையில் இஸ்திரிப் பிரிவில் இருந்தவள்தான். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அத்தைக்கு அடுப்படியில் அவசர வேலை வந்துவிடும். சரி, பேப்பரையே படிப்போம் என்று மருமகள் லீவு நாளெல்லாம் நூலகத்தில் போய் உட்கார்ந்தாள். நீதிமன்றப் பதிவேடுகளைப் புரட்டினாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண் பரிசோதனைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுத எழுத அவளுடைய தலைவர் வளர்ந்துகொண்டே போனார்.

நாவலில் அவர் ஒற்றை விரலை உயர்த்தினால் நாற்பது பேர் எழுந்து நின்றார்கள். புகைபோக்கியின் உச்சியில் ஏறிச் செங்கொடி கட்டினார். சிரிக்கவே மாட்டார். அதில் அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் படித்த சரித்திர நாவல்களில் எந்தக் கலகக்காரனும் வயிறாரச் சாப்பிட்டதில்லை, தும்மியதில்லை, யாரோடும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மழையில் தனியாக நடப்பான், அவ்வளவுதான். அவளும் மாமாவை மழையில் நடக்க விட்டாள். பதினேழாம் அத்தியாயத்தில் மட்டும் நான்கு தடவை நனைந்தார் மனிதர்.

பதிப்பாளருக்கு நாவல் ரொம்பப் பிடித்துப்போனது. அட்டைப்படமும் வரைந்தாயிற்று: புகைபோக்கி, கொடி, மடக்கிய முஷ்டி. தலைவர் கடைசியில் இறந்துபோனால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று சொல்லிப் பார்த்தார். "அவர் எங்க வீட்டுல உயிரோட இருக்காருங்க," என்று அவள் சொன்ன பிறகு அரைமனதாக விட்டுக்கொடுத்தார்.

மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "எங்க குழு முன்னாடி படிச்சுக் காட்டு. பெரும்பான்மை சரின்னா அச்சடி. இல்லன்னா வேணாம்." அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். எழுதத் தொடங்கிய காலத்தில் கொடுத்த வாக்கு அது. புத்தகமே இல்லாதபோது என்ன வாக்கையும் கொடுக்கலாம்.

குழு கூடும் இடம், செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே ஓர் அறை. படியேறும்போதே தோலும் பசையும் மணக்கும். நடுவில் ஆலை மூடியபோது தூக்கிவந்த நீள மேஜை. அதன் மேல் யாரோ ஐம்பது வருடத்துக்கு முன் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த கறுப்புத் தடம். கலகத்தை நடத்திய ஒன்பது பேர் குழுவில் நான்கு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் ஐந்து. மாமா, அத்தை. அடுத்து, அந்தக் காலத்தில் மடிப்பு மேஜையைப் பார்த்துக்கொண்ட செயலாளரம்மா, குறிப்பேட்டை மடியில் குழந்தையைப் போல வைத்திருந்தார். தோள் வலிக்குச் சொந்தக்காரரான கொதிகலன்காரர், நீராவிச் சத்தத்திலேயே வாழ்ந்தவராதலால் ரகசியத்தையும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார். கடைசி ஆள் 'எதிர்ப்பு'. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் அந்த இடம் கவிழ்ந்துவிடும் என்பது அவர் கொள்கை, அதனால் எல்லாத் தீர்மானத்தையும் எதிர்ப்பார்.

மருமகளின் கணவனுக்குக் குழுவில் இடமில்லை. அவன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். பிறந்ததிலிருந்தே பழகிய படிக்கட்டு அது.

மருமகள் கைது நடக்கும் அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். அதை எழுதும்போது அவளே மூன்று கைக்குட்டை நனைத்திருக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"'யார் உங்கள் தலைவன்?' அதிகாரியின் குரல் இடியென முழங்கியது. கூட்டம் மௌனமாக விலகி வழிவிட்டது. அவன் தனியே முன்னால் வந்தான். மழைநீர் அவன் நெற்றியில் வழிந்தோடியது. 'நான்தான்' என்றான். அந்த ஒற்றைச் சொல்லில் ஓராயிரம் சங்கிலிகள் அறுந்து விழுந்தன."

ஓரக்கண்ணால் பார்த்தாள். கொதிகலன்காரரின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அத்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். செயலாளரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். மருமகளுக்கு நெஞ்சு விம்மியது. ஆறு வருட உழைப்பு வீண் போகவில்லை, எல்லோரும் உருகிப்போய்விட்டார்கள் என்று நினைத்து, அடுத்த இரண்டு பக்கத்தையும் கூடுதல் உருக்கத்தோடு படித்து முடித்தாள்.

"இந்த நாவலை இப்படியே அச்சிடலாம்ங்கிறவங்க கை தூக்கலாம்," என்றார் செயலாளரம்மா.

ஒரே ஒரு கை எழுந்தது. கொதிகலன்காரரின் இடது கை. அதுவும் பாவம் பார்த்து எழுந்தது போலத்தான் இருந்தது.

"வேண்டாம்ங்கிறவங்க?"

நான்கு கைகள். அதில் ஒன்று மாமாவுடையது, ஒன்று அத்தையுடையது. இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்த எதிர்ப்பு தன் கையையே சந்தேகமாகப் பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் பெரும்பான்மையில் இருக்கிறார். "எனக்கு ஒரு மாதிரி இருக்கு," என்று தண்ணீர் கேட்டார்.

மருமகளின் முகத்தில் ஈயாடவில்லை. பதிப்பாளர் கேட்டால் என்ன சொல்வாள்? சொந்த மாமனாரும் மாமியாருமே கவிழ்த்துவிட்டார்கள் என்றா? பிரதியை மூடி வைத்துவிட்டு, "ஏன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒரு வரி விடாம பேப்பரைப் பாத்துத்தான் எழுதினேன்," என்றாள்.

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஜன்னலை உடைத்தவர்கள் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

"சொல்ல முடியாதும்மா," என்றார் செயலாளரம்மா. "தீர்மானம் இருக்கு." குறிப்பேட்டைப் புரட்டி, மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். "முப்பத்தொண்ணு. இன்னைக்கு நடந்ததை வெளியில யாருகிட்டயும், வீட்டாளுங்ககிட்டயும், எந்தக் காலத்துலயும் சொல்லக் கூடாது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஒண்ணு."

"அப்போ நீங்க எல்லாரும் ஐம்பத்திரண்டு வருஷமா வாயைத் திறக்காம இருந்தது..."

"தீர்மானம்னா தீர்மானம்தானே," என்றார் மாமா. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னார்.

மருமகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதை ரத்து பண்ண ஒரு தீர்மானம் போட வேண்டியதுதானே மாமா. எத்தனை தடவை கூடியிருக்கீங்க. ஒருத்தருக்குமா தோணலை?"

உண்மையிலேயே ஒருவருக்கும் தோன்றவில்லை என்பது எல்லோர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. அத்தைதான் முதலில் சுதாரித்தாள். "நான் முன்மொழியறேன்," என்றாள். நான்குக்கு ஒன்று. எதிர்ப்பு தன் பழைய இடத்துக்குத் திரும்பிய நிம்மதியில் ஒரு மடக்கு டீ குடித்தார்.

அதன் பிறகு மடை திறந்த கதைதான். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். செயலாளரம்மா மேஜையைத் தட்டித் தட்டி ஒவ்வொருவராகப் பேச வைத்தார்.

"முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க," என்று கொதிகலன்காரர் செருப்புக் கடைக்கும் சேர்த்துச் சொன்னார். "எங்களுக்குத் தலைவரே கிடையாது. முதலாளி ஒருத்தன் போதாதுன்னு இன்னொருத்தனையும் தலையில தூக்கி வைக்கவா கலகம் பண்ணோம்? எல்லாத்துக்கும் கைதான்."

பத்தொன்பதாம் நாள் காலை போலீஸ் வாசலில் வந்து நின்றது. அதிகாரி நல்ல மனிதர், ஜலதோஷம் வேறு. தலைவரை மட்டும் அனுப்புங்கள், மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் ஒன்பது பேரும் உள்ளே போக வேண்டியதுதான், அரை மணி நேரம் தருகிறேன் என்றார். இல்லாத தலைவரை எப்படி அனுப்புவது? இஸ்திரி அறையில் அவசரக் கூட்டம் போட்டார்கள். பொருள்: கைதாவதற்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தல். விஷயம் போலீஸ் காதுக்குப் போனால் ஒன்பது பேரும் உள்ளே, அதனால்தான் அந்த வாய்ப்பூட்டுத் தீர்மானமும்.

"நான் போறேன்னேன்," என்றார் கொதிகலன்காரர். "நீ போனா கொதிகலனை யாரு பாக்கிறது, வெடிச்சுத் தொலையும்னு உக்கார வெச்சுட்டாங்க. செயலாளரம்மா போறேன்னாங்க. அப்புறம் கூட்டக் குறிப்பை யாரு எழுதறது?"

"என் பேரும் வந்தது," என்றார் எதிர்ப்பு.

"அதை நீங்களே எதிர்த்தீங்க," என்றார் செயலாளரம்மா.

மாமா அந்தக் கூட்டத்திலேயே இல்லை. மழை வரும் போலிருந்ததால் மொட்டைமாடியில் காயப்போட்ட ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை எடுக்கப் போயிருந்தார். இல்லாத ஆளுக்கு ஆட்சேபிக்க வாய் இல்லை. அதோடு அவருக்கு அப்பா அம்மாவும் இல்லை, உள்ளே போனால் அழுவதற்கு ஆள் கிடையாது என்று யாரோ சொன்னார்கள். ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவு ஆறு, எதிர்ப்பு இரண்டு.

"ரெண்டா?" என்றாள் மருமகள். "ஒண்ணு இவர். இன்னொண்ணு?"

எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். எழுபத்து நான்கு வயதில் அத்தைக்குக் காது மடல் சிவந்தது. அப்போது அவளுக்கும் மாமாவுக்கும் கல்யாணமாகவில்லை, பேசிப் பழகியதுகூடக் கிடையாது.

"அழ ஆள் இல்லன்னாங்க. எனக்குப் பொறுக்கலை," என்றாள் அத்தை. "கையைத் தூக்கிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பாத்துட்டாங்க. அப்புறம் நானே மாடிக்குப் போய் இவர்கிட்ட சொன்னேன். உங்களைத் தலைவராக்கிட்டாங்க, போலீஸ் வாசல்ல நிக்குதுன்னு."

"நான் என்ன கேட்டேன் தெரியுமா?" மாமாவுக்கு இப்போதே கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, சிரிப்பில். "யாராவது எதிர்த்தாங்களான்னு கேட்டேன். ரெண்டு பேருன்னா. ஒண்ணு எதிர்ப்பு, அது கணக்குல வராது. இன்னொண்ணு யாருன்னேன். இவ விரிப்பைக் கையில வெச்சுக்கிட்டு தரையைப் பாக்கறா. சரி, உள்ள போனாலும் பரவாயில்லன்னு தோணிடுச்சு."

மருமகள் தன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கியிருந்தாள். கை அவள் சொல்படி கேட்கவில்லை, அவ்வளவு வேகம். "அந்தப் படத்துல நெஞ்சு அப்படிப் புடைச்சுக்கிட்டு..."

"லாக்கப்புல குளிரும்னு இவ நாலா மடிச்ச விரிப்பு ஒண்ணைச் சட்டைக்குள்ள திணிச்சு அனுப்பினா."

"கண்ணு இடுங்கி..."

"கஞ்சிப் பவுடர் கண்ணுல போயிருச்சு. கசக்கிக்கிட்டே வந்தேன்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டிலிருந்து கணவன் எட்டிப் பார்த்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் விழித்தான். தன் அப்பா அம்மாவின் காதல் கதை ஒரு தீர்மான எண்ணுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்ததை அவனும் அன்றுதான் கேட்டான். செயலாளரம்மா அவனைக் கதவுக்கு உள்பக்கமாக நிற்க அனுமதித்தார், ஓட்டுரிமை இல்லாமல்.

"கொடி?" என்றாள் மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆஸ்பத்திரி வரைக்கும் சிவப்பு பரவிட்டதுன்னு பேப்பர்ல பெருசா போட்டிருந்தானே. நான் ஆஸ்பத்திரி மேலயும் ஒரு கொடி பறக்க விட்டிருக்கேன்."

இந்தத் தடவை ஐந்து பேரும் கொதிகலன்காரரைப் பார்த்தார்கள்.

"புதுத் துணி," என்றார் அவர், முதல் தடவையாக மெதுவான குரலில். "மொடமொடன்னு இருந்தது. கட்டினா பறக்காதேன்னு ஒரு அலசு அலசலாம்னு தொட்டியில போட்டேன்."

"எந்தத் தொட்டியில?" என்று மாமா எடுத்துக்கொடுத்தார்.

"ஆஸ்பத்திரித் தொட்டியில. கொதிக்கிற தண்ணியில. அறுபது வெள்ளை விரிப்போட."

சாயத் துணியை வெள்ளையோடு போடக் கூடாது என்று எட்டு வயதுக் குழந்தைக்கும் தெரியும். ஊரின் பெரிய சலவை ஆலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவருக்கு அன்று புரட்சி கண்ணை மறைத்துவிட்டது. அறுபது விரிப்பும் ரோஜா நிறத்தில் வெளியே வந்தன. திரும்பத் துவைக்க நேரமில்லை, நோயாளிகள் வெறும் மெத்தையில் கிடப்பார்கள். அப்படியே அனுப்பலாமா என்று ஓட்டெடுத்து, அனுப்பினார்கள். மறுநாள் தலைமை நர்ஸ் ஆள் அனுப்பினார். எல்லோரும் நடுங்கிப்போனார்கள். பிரசவ வார்டில் அம்மாக்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, இன்னும் இருபது கிடைக்குமா என்பதுதான் செய்தி. கொடியோ வெளிறிப்போய் உள்பனியன் நிறத்துக்கு வந்திருந்தது. அதைப் புகைபோக்கியில் கட்டினால் கலகமா, துணி காய்கிறதா என்று யாருக்கும் புரிந்திருக்காது. அதனால் கட்டவேயில்லை.

சிரித்து ஓய்ந்தபோது மாமா மட்டும் கையெழுத்துப் பிரதியைத் தன் பக்கம் இழுத்து, கைது அத்தியாயத்தை ஒரு விரலால் தடவினார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கேம்மா. ஆனா இதுல இருக்கிறவன் தனியா இருக்கான். தனியா யோசிக்கிறான், தனியா நடக்கிறான், தனியா ஜெயிலுக்குப் போறான். என்னால அவனைப் பாக்க முடியலை. நான் ஒரு நாளும் தனியா இருந்ததில்ல. பதினோரு மாசம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இவங்கள்ல ஒருத்தர் வருவாங்க. யாரு வர்றதுன்னு ஓட்டெடுத்துட்டு வருவாங்க. உள்ள இருந்துக்கிட்டு இந்த வாரம் யாரு ஜெயிச்சிருப்பாங்கன்னு யோசிச்சே எனக்குப் பொழுது போச்சு."

தான் செய்த காரியம் மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது பேர் சேர்ந்து செய்ததை ஒருவர் தலையில் கட்டி, மீதி எட்டுப் பேரையும் வழிவிடும் கூட்டமாக ஓரத்தில் நிறுத்தியிருந்தாள். அத்தையை எழுதவே இல்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, இத்தனை நல்ல கதை கைக்கு வந்த சந்தோஷத்தில் உள்ளங்கால் வரை குறுகுறுத்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

நான்கு மாதம் எடுத்துக்கொண்டாள். மழையெல்லாம் வெட்டி எறிந்தாள். அதிகாரியின் ஜலதோஷத்தைச் சேர்த்தாள். மதியச் சாப்பாட்டுக்கு மணியடிப்பது யார் என்று மூன்று மணி நேரம் விவாதித்து, அதற்குள் சாப்பாட்டு நேரமே முடிந்துபோன நாளுக்கு ஓர் அத்தியாயம் கொடுத்தாள். சிரிப்பை மட்டும் எழுதிவிட்டுத் தப்பிக்கவும் இல்லை. நீராவி அறையில் ஜன்னல் இல்லாமல் மயங்கி விழுந்தவர்களை எழுதினாள். கலகம் தோற்று, ஆலை முதலாளி கைக்குத் திரும்பி, ஒன்பது பேருக்கும் வேலை போனதை எழுதினாள். இரண்டு வருடம் கழித்து, அவர்கள் கேட்ட ஜன்னல்கள் அந்தச் சுவரில் திறக்கப்பட்டபோது, வேலை போன எட்டுப் பேரும் சிறையிலிருந்து வந்தவரும் எதிர்ப் பக்கத்து நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்ததையும் எழுதினாள். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று கடையில் இரண்டு லென்ஸ் உடைந்தது.

பதிப்பாளர் முதலில் எண்ணெயில் விழுந்த கடுகாக வெடித்தார். "தலைவன் இல்லாத புரட்சி நாவலை எவன் வாங்குவான்? அட்டையில நான் யாரைப் போடுவேன்?" ஆனால் பிரதியை பஸ்ஸில் படித்துக்கொண்டு போனவர், தேர்தல் அத்தியாயத்தில் சிரித்து, இறங்கும் இடத்தை விட்டு, கடைசி நிறுத்தத்திலிருந்து போன் செய்தார். "போட்டுருவோம். உங்க மாமா கூட்டம் சரின்னு சொன்ன அடுத்த நிமிஷம் எனக்குச் சொல்லுங்க. மிஷின் காத்திருக்கு."

ஆகவே இரண்டாம் தடவை அந்தப் படியேறியபோது, எல்லாமே மறுபடியும் அந்த ஐந்து கைகளில்தான் இருந்தது. மருமகள் காலையிலிருந்து மாலை வரை படித்தாள். இடையிடையே நிறுத்த வேண்டியிருந்தது. கொதிகலன்காரர் சிரித்த சத்தத்தில் கீழேயிருந்து செருப்புக்காரர் மேலே வந்து, என்ன விசேஷம் என்று கேட்டு, அவரும் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடைபாதையில் நின்று பார்த்த பக்கம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அத்தை மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடித்ததும் செயலாளரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

"ஓட்டுக்கு முன்னாடி ஒரு விஷயம்," என்றார். "ஒன்பது பேர் குழுவுல நாலு இடம் காலியா இருக்கு. நம்ம கூட்டத்தை நம்மளைவிட அதிகமா தெரிஞ்சுக்கிட்டவ இவ. சேத்துக்கலாம்னு முன்மொழியறேன்."

நான்குக்கு ஒன்று. மருமகளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபத்தேழு வருடம் அந்த வீட்டில் கை தூக்கியிருக்கிறாள், ஜன்னலுக்கும் சாப்பாட்டுக்கும். இது வேறு. மேஜையின் ஓரத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலியை மாமாவே இழுத்துப் போட்டார்.

"இந்த நாவலை அச்சிடலாம்ங்கிறவங்க?"

மாமா. அத்தை. செயலாளரம்மா. கொதிகலன்காரர், வலிக்கிற வலது கையை.

"வேண்டாம்ங்கிறவங்க?"

எதிர்ப்பு வழக்கம்போலத் தூக்கினார். பிறகு பக்கத்தில் பார்த்துத் திடுக்கிட்டார். மருமகளின் கையும் மேலே இருந்தது.

"எனக்குத் துணையெல்லாம் வேணாம்மா," என்றார் அவர் பதறிப்போய்.

செயலாளரம்மா பேனாவை வைத்துவிட்டார். "எதிர்க்கிறவங்க காரணம் சொல்லலாம்."

மருமகள் எழுந்து நின்றாள். "பயமா இருக்கு. முன்னாடி எழுதினது பொய்தான். ஆனா அதைப் படிச்சா எல்லாரும் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவாங்க. இதைப் படிச்சா சிரிப்பாங்க. விரிப்பைச் சாயத்துல முக்கினவங்க, ஜெயிலுக்குப் போக ஓட்டுப் போட்டவங்கன்னு ஊரே சிரிக்கும். நான் சிரிச்சேன், நான் உங்க வீட்டுப் பொண்ணு. தெரியாதவங்க சிரிச்சா என்னால தாங்க முடியாது. இன்னும் ஒரு வருஷம் குடுங்க. ஒரு வரிகூட யாரும் உங்களை இளக்காரமா நினைக்க முடியாதபடி சரி பண்ணித் தரேன்."

சொல்லி முடித்தபோது அழுதேவிட்டாள். கொஞ்ச நேரம் கீழே சுத்தியல் சத்தம்கூட இல்லை, செருப்புக்காரர் மேலேதானே இருந்தார்.

பேசியவள் அத்தை. "சிரிக்கட்டுமே. நாங்க எப்பவும் சிரிச்சுக்கிட்டேதானே இருந்தோம். கும்பிடறவங்க கும்பிட்டுட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. சிரிக்கிறவங்கதான், அட, இதை நாமளும் செய்யலாம் போலிருக்கேன்னு நினைப்பாங்க."

"அப்புறம், அந்த ஒரு வருஷம்," என்றார் மாமா. "ஆலையை எடுக்கலாமா வேணாமான்னு ஓட்டெடுத்தப்போ அஞ்சுக்கு நாலு. நாலு பேரு என்ன சொன்னாங்க தெரியுமா? இன்னும் தயாராகலை, ஒரு வருஷம் போகட்டும்னாங்க. அந்த நாலுல நானும் ஒருத்தன். நல்லவேளை, தோத்தேன்."

மருமகள் நின்றபடியே அவரைப் பார்த்தாள். இதை அவர் இதுவரை சொல்லவில்லை. நாவலிலும் இல்லை.

செயலாளரம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். "ஆதரவு நாலு. எதிர்ப்பு ரெண்டு. நாவலை அச்சிடும் தீர்மானம் நிறைவேறியது. நூலாசிரியர் எதிர்த்தார், அவருடைய எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது." பக்கத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட இடம் காட்டினார். அவள் போட்டாள். கணவன் கதவோரத்திலிருந்து போனை நீட்டினான்.

பதிப்பாளர் முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. "என்னங்க முடிவு? நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் வேணாம்னுதாங்க கை தூக்கினேன்," என்றாள் மருமகள். சிரிப்பு வந்துவிட்டது, கன்னம் இன்னும் ஈரமாகவே இருந்தது. மேஜையைச் சுற்றி ஐந்து முகங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. "தோத்துட்டேன். அச்சடிங்க."